முதல் பாகம் முற்றும்

'முதல் பாகம் முற்றும்'னு கடைசிப் பக்கத்துல போட்டா, ரெண்டாம் பாகம்னு ஒண்ணு வரணுமா வேண்டாமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. கையில புத்தகத்தோட உக்காந்திருக்கீங்க, படிக்கிற ஆளுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது, அதான் கேக்கறேன். பையை எம்பக்கமே வைங்க, எனக்கு இடைஞ்சல் இல்லை. நான் கரூரு. மாட்டுத்தாவணியில இந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஆரப்பாளையம் போய், அங்க இருந்து வேற வண்டி பிடிக்கணும். நீங்க மதுரையோட சரியா? நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

கோவில்பட்டியில ஒரு எழுத்தாளரைப் பார்க்க வந்தேன். பார்த்தேன், திரும்பிக்கிட்டிருக்கேன். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடங்கிற கதைதான். வெறுங்கை.

எம்பேரு தெய்வசிகாமணி. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர்டு. கடைசிப் பத்து வருஷம் பறக்கும் படை. பறக்கும் படைன்னா தெரியுமில்ல, கரண்ட் திருடறவனைப் பிடிக்கிறது. கம்பியில கொக்கி போடறவன், மீட்டருக்கு முன்னாடியே ஒயரைச் சேர்த்து இழுக்கறவன், எல்லாரையும் பார்த்திருக்கேன். எங்க ஜீப்பு சத்தம் கேட்டாலே கொக்கியைக் கழட்டிக்கிட்டு ஓடுவாங்க. ஒரு தறிப்பட்டறைக்காரன் எங்கிட்டயே வாதாடினான். "சார், அதுபாட்டுக்குக் கம்பியில ஓடிக்கிட்டிருக்கு. நான் கொஞ்சம் எடுத்ததால யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு? பக்கத்து வீட்டு லைட்டு மங்கிப் போச்சா?"ன்னான். நான் விடுவேனா? "கண்ணுக்குத் தெரியலைன்னா அது யாரோட உழைப்பும் இல்லைன்னு ஆயிடுமாடா? எங்கயோ ஒருத்தன் வெந்து கருகி நிலக்கரி அள்ளிப் போட்டாத்தான் இங்க உன் தறி ஓடுது"ன்னேன். நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை தம்பி. போற இடத்துல ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை.

ரிட்டயர்டு ஆனப்புறம்தான் தெரிஞ்சுது, கும்பிட்டவனெல்லாம் ஜீப்பைத்தான் கும்பிட்டிருக்கான்னு. மறுநாளே ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை. தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக் கிடந்தா பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் போன்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சேன். 'அறிவுப் பந்தல்'னு பேரு. வெயில்ல வர்றவனுக்குத் தண்ணிப்பந்தல் வைக்கறோமில்ல, அந்த மாதிரி படிக்க ஏங்கறவனுக்கு இது. புதுப் புத்தகம் வந்தா யாராவது ஒருத்தரு வாங்குவாரு. வாங்கி, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப் ஆக்கிப் போட்டுடுவோம். மத்தவங்க எடுத்துக்குவாங்க. அவ்வளவுதான்.

முகத்தை அப்படி வைக்காதீங்க தம்பி. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் முதல்ல அதைத்தான் நினைக்கறாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். எங்க தெருவுல இருக்கறவனுக்கு ஒரு நாவல் வேணும்னா எங்க போவான்? நூலகத்துக்குப் போனா போட்டித் தேர்வு கைடு அடுக்கி வச்சிருக்கான். தபால்ல வரவழைக்கலாம்னா அந்தக் காசுக்கு எம்பொண்டாட்டிக்கு ஒரு வாரத்து மாத்திரை வாங்கலாம். குவைத்துல ஒரு பொண்ணு, ஒரு வீட்டுல சமையல் வேலை. "ஐயா, நீங்க போடற புத்தகம்தான் எனக்கு இங்க ஊரு"ன்னு எழுதுது. அது எந்தக் கடைக்குப் போய் வாங்கும்? இவங்கெல்லாம் நாங்க போடாட்டியும் வாங்கப் போறதில்லை. வாங்கவே போகாதவன் படிச்சா யாருக்கு என்ன நட்டம்? அதுவும் சும்மாவா? நெட்டுக்கு மாசாமாசம் காசு கட்டறோம்ல! எழுதினவர்கிட்ட அவரு எழுதினது அப்படியேதானே இருக்கு, ஒரு எழுத்து குறையலையே. கரண்ட் வேற, இது வேற. அது திருட்டு. இது பகிர்வு.

காலையில எந்திரிச்சுப் போனைத் திறந்தா 'நன்றி ஐயா', 'வாழ்க தங்கள் தமிழ்த்தொண்டு'. கும்பிடற கை படம் வரிசையா வந்து விழும். பொய் சொல்ல மாட்டேன், அது ருசியாத்தான் இருந்துச்சு. மறுபடியும் மனுஷனா ஆன மாதிரி.

சரி, கதைக்கு வர்றேன்.

ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கோடியில ஒரு சின்னக் கடை. சமையல் புத்தகக் கடைக்கு முன்னாடி நிக்க இடமில்லை, இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்காங்க. பதிப்பாளரு ஒருத்தரு, பக்கத்துல ஒரு ஒல்லியான ஆளு. அவருதான் எழுத்தாளராம், பேரு வேலாயுதபெருமாள். முதல் நாவலாம். 'மாரிக்கனி போன ரயில்'னு அட்டையில போட்டிருந்துச்சு. பாவமா இருந்துச்சு, வாங்கிட்டேன். ஆமா தம்பி, காசு குடுத்துத்தான் வாங்கினேன், அதைக் குறிச்சுக்கங்க. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேரைக் கேட்டு உள்பக்கத்துல எழுதிக் குடுத்தாரு: 'அன்புள்ள தெய்வசிகாமணி அவர்களுக்கு, மாரிக்கனியோடு நீங்களும் கொஞ்ச தூரம் வாருங்கள்.' கீழ கையெழுத்து.

வீட்டுக்கு வந்து படிச்சேன் பாருங்க. இப்படி ஒரு எழுத்தா! தீப்பெட்டி ஆபீசுல வேலை பார்க்கற ஒரு பொம்பளை, மாரிக்கனின்னு பேரு. அவ பையனை ஒரு புரோக்கர் வடக்க எங்கயோ முறுக்குக் கம்பெனிக்குன்னு கூட்டிக்கிட்டுப் போயிடறான். பையன்கிட்ட இருந்து சத்தமே இல்லை. பாஷை தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது, இவ தேடிக்கிட்டு ரயிலேறிடறா. ஊர் ஊரா இறங்கறா. கடைசியில ஏதோ ஒரு ஸ்டேஷன்ல எதிர் பிளாட்பாரத்துல ஒரு பையன் முதுகைக் காட்டி நிக்கறான். அவனை மாதிரியே காது கொஞ்சம் மடங்கியிருக்கு. இவ பேரைச் சொல்லிக் கூப்பிடறா. அவன் திரும்பறான். 'முதல் பாகம் முற்றும்.'

விட முடியுமா இதை? நாலு பேரு படிக்க வேண்டாமா? மறுநாளே பிரஸ்ல குடுத்து புத்தகத்தோட முதுகை வெட்டச் சொன்னேன். அப்பத்தான் தாள் தாளா ஸ்கேன்ல தெளிவா விழும். கையெழுத்துப் போட்ட பக்கத்தையும் சேர்த்தே போட்டேன். ஆசிரியர் கையெழுத்தோட இருந்தா அந்தப் பிரதிக்கே ஒரு கௌரவம் இல்லீங்களா? எம்பேரும் இருந்துச்சு, இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

வீட்டுக்காரி பார்த்துக்கிட்டே இருந்தா. கோமளவல்லின்னு பேரு, கோமளம்னு கூப்பிடுவேன். "ஏங்க, இப்படி எல்லாருக்கும் போட்டுட்டா அந்தப் புள்ளகிட்ட யாரு வாங்குவா?"ன்னா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, படிச்சவன் நாலு பேருகிட்டச் சொல்லுவான், அவன் வாங்குவான்"ன்னேன். "அந்த நாலு பேரும் நம்ம குரூப்புலதானே இருக்காங்க"ன்னா. பொம்பளைங்க பேச்சு, விடுங்க.

அந்த நாவல் பரவின வேகம் இருக்கே, அப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை. நாப்பதாயிரம் பேருக்கு மேல எடுத்தாங்க, எங்க குரூப்புல மட்டும். வேற குரூப்புக்காரங்களும் எடுத்துப் போட்டுக்கிட்டாங்க, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாம. அதுல எனக்கு வருத்தம்தான். நாங்க கஷ்டப்பட்டு ஸ்கேன் பண்ணினது, அவனுங்க நோகாம எடுத்துப் போட்டுக்கறான். மனசாட்சி வேண்டாமா?

கோமளத்துக்குச் சர்க்கரை. முதல்ல கண்ணை எடுத்துக்கிச்சு, அப்புறம் கிட்னியை. டயாலிசிஸுக்குப் படுக்க வச்சா பாதி நாள் போயிடும். சும்மா படுத்திருந்தா அழுவா. அப்ப மாரிக்கனியைப் படிச்சுக் காட்டினேன். தாளெல்லாம் எங்கயோ சிதறிப் போச்சு, போன்ல இருக்கறதைத்தான் படிச்சேன். ஊசியைக் கையில வச்சுக்கிட்டு அசையாம கேப்பா. முடிஞ்சதும், "மறுபடி படிங்க"ம்பா. எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில அதையேதான் கேப்பா. "திரும்பினானே, அவன்தானா?" ரெண்டாம் பாகத்துல வரும்மான்னு சொல்லுவேன். "எப்ப வரும்?" வரும் வரும்னு சொல்லுவேன். குரூப்புலயும் இதே கேள்விதான். 'ஐயா, ரெண்டாம் பாகம் எப்போது பதிவிடுவீர்கள்?' வந்தாத்தானே போடறதுக்கு!

வருஷம் ஓடிப்போச்சு. வரலை. நான் சும்மா இல்லை தம்பி, அந்த ஆளைக் குரூப்புல திட்டியே எழுதினேன். 'வாசகரை நட்டாற்றில் விட்ட எழுத்தாளர்'னு தலைப்பு. ஏகப்பட்ட பேரு சரின்னு சொன்னாங்க.

போன வாரம் டாக்டரு என்னைத் தனியா வெளிய கூப்பிட்டாரு. இனிமே கூட்டிக்கிட்டு வராதீங்க, வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கங்கன்னுட்டாரு. புரியுதில்ல? கொழுந்தியா வந்து கூட இருக்கா. கோமளம் சோறு கேக்கலை, தண்ணி கேக்கலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவன்தானான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேங்க"ன்னா. எனக்கு... இருங்க தம்பி. ஒண்ணுமில்லை, ஜன்னல் காத்து.

புத்தகத்துல இருந்த பதிப்பாளர் நம்பருக்குப் போட்டேன். "ஸ்கூல் யூனிஃபார்மா சார், எந்த ஸ்கூலு?"ன்னு கேக்கறாரு! அதே ஆளுதான், இப்ப யூனிஃபார்ம் துணி விக்கறாராம். பதிப்பகத்தை எப்பவோ மூடிட்டாராம். வேலாயுதபெருமாள் எங்கன்னு கேட்டா, "அவரை எதுக்கு சார் இப்ப"ன்னாரு. கெஞ்சி, அவரு வேலை பார்க்கற தீப்பெட்டி ஆபீஸ் அட்ரஸை வாங்கினேன்.

கோவில்பட்டியில அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல போய்க் கேட்டேன். "கணக்குப்பிள்ளை அண்ணாச்சியா? அந்தா லோடு ஏத்துற இடத்துல நிக்காக"ன்னு ஒரு பொம்பளை கையைக் காட்டுது. பார்த்தா, அதே ஒல்லி. தலை நரைச்சுப் போச்சு. லாரிக்குப் பக்கத்துல நின்னு பண்டல் எண்ணிக்கிட்டிருக்காரு. அப்படி எழுதின மனுஷன்! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கிட்டப் போய்க் கும்பிட்டு, "ஐயா, நான் கரூர்ல இருந்து வர்றேன், எம்பேரு தெய்வசிகாமணி"ன்னேன்.

அப்படியே நின்னுட்டாரு தம்பி. என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "நீங்கதானா அது"ன்னாரு.

"என்னை ஞாபகம் இருக்குங்களா?"

"மறக்க முடியுமா சார்? என் கையால எழுதின பேராச்சே. எங்கிட்டயே எத்தனை பேரு அனுப்பியிருக்காங்க தெரியுமா? 'அருமையான நாவல், படிச்சுப் பாருங்க'ன்னு. திறந்தா முதப் பக்கத்துல நீங்கதான் நிப்பீங்க."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒரு தடவை பார்த்த வாசகனை இத்தனை வருஷம் நினைவு வச்சிருக்காருன்னா எவ்வளவு பெரிய மனசு! டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் பழக்கதோஷத்துல டீ வேண்டாம்னேன். "குடிங்க சார். இதையாவது நானாக் குடுத்து நீங்க வாங்கிக்கிட்டதா இருக்கட்டும்"ன்னாரு. அது என்ன பேச்சோ, எழுத்தாளருங்க அப்படித்தான் சுத்தி வளைச்சுப் பேசுவாங்க.

"உங்க குரூப்புல எத்தனை பேரு சார் படிச்சாங்க?"ன்னு கேட்டாரு. சந்தோஷமாச் சொன்னேன், நாப்பதாயிரத்துக்கு மேலன்னு. மறுபடியும், "எத்தனை?"ன்னாரு. மறுபடியும் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நெகிழ்ந்துட்டாரு பாவம்னு நினைச்சேன். அப்புறம் சொல்றாரு, "அச்சடிச்சது ஐநூறு சார். அதுல பாதிக் கட்டு அவிழ்க்கவே இல்லை. பழைய பேப்பர்காரன் வந்து எடை போட்டுத் தூக்கிக்கிட்டுப் போனான். பதிப்பாளரு மேல தப்பில்லை, எத்தனை நாளைக்குத்தான் குடோனுக்கு வாடகை கட்டுவாரு? இது வித்தா அடுத்ததைப் போடலாம்னு இருந்தாரு. நானும் லீவு போட்டு எழுதலாம்னு இருந்தேன்."

"அதாங்க, விளம்பரம் பத்தலை. நாங்க எங்களால ஆனதைச் செஞ்சோம்"னேன்.

கிளாஸையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

அப்புறம் விஷயத்துக்கு வந்தேன். "ரெண்டாம் பாகம் எழுதினதைக் கண்ணுல காட்டுங்க. கையெழுத்துப் பிரதியா இருந்தாலும் பரவாயில்லை, நானே டைப் பண்ணிக்கறேன்"ன்னேன். எழுதலைன்னாரு. ஒரு வரிகூட இல்லையாம். சரி, எழுதாட்டி போகுது, என்ன நடக்கும்னு வாயாலயாவது சொல்லுங்க, அந்தப் பையன் அவ மகன்தானான்னு கேட்டேன்.

"எனக்குத் தெரியாது சார்"ங்கறாரு.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "நீங்க எழுதினது உங்களுக்குத் தெரியாதா?"

"எழுதிக்கிட்டே அந்த இடத்துக்குப் போனாத்தான் சார் தெரியும். நான் போகலையே."

"'மாரிக்கனியோடு நீங்களும் வாருங்கள்'னு உங்க கையாலதானே எழுதினீங்க?"

"கொஞ்ச தூரம்னு எழுதினேன் சார். அவ்வளவு தூரம்தான் போக முடிஞ்சுது."

அதுக்கப்புறம்தான் கோமளத்தைப் பத்திச் சொன்னேன். கண்ணு போனது, ஊசியோட படுத்துக் கேட்டது, டாக்டரு சொன்னது, எல்லாம். ரோட்டுல வச்சு அழுதுட்டேன் தம்பி, வெக்கமில்லாம. அவரு எந்தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. வீட்டம்மா பேரு என்னன்னு கேட்டாரு, சொன்னேன். கோமளவல்லி, கோமளவல்லின்னு ரெண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. "அவங்கதான் சார் என்னோட வாசகி"ன்னாரு. அப்ப நான் யாராம்? கேக்கலை.

"ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க ஐயா"ன்னு பேனாவை நீட்டினேன். வாங்கினாரு. சிகரெட் அட்டையைக் கிழிச்சு அதுமேல பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, உக்காந்திருந்தாரு... அங்க லாரிக்காரன் ஆரன் அடிக்கறான். பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டாரு. "வர மாட்டேங்குது சார். விட்டுப் போச்சு. உங்க வீட்டம்மாகிட்ட அவன்தான்னு சொல்லிடுங்க"ன்னாரு.

"அப்ப அவன்தானா?"

"தெரியாது சார். ஆனா சொல்லிடுங்க."

போயிட்டாரு. பண்டல் எண்ணப் போயிட்டாரு.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கிடக்கு, ஒரு பக்கம் எழுத முடியாதா இந்த மனுஷனுக்கு? நாப்பதாயிரம் பேரு காத்திருக்கான்னு ஒரு பொறுப்பு வேண்டாமா? இப்படி இருந்தா தமிழ் எப்படி வளரும்?

இருங்க, போன் அடிக்குது. கொழுந்தியாதான்.

அலோ... ம்... சாத்தூர் தாண்டிட்டேன்... எப்படி இருக்கா?... குடு, அவகிட்டக் குடு... கோமளம், நான்தான்... பார்த்துட்டேன்மா... ஆமா, அவரைத்தான்... உம்பேரைக் கேட்டாரு... ஆமாம்மா, அவன்தான். அவன்தானாம்... மகனேதான்... அவரே சொன்னாரு... என்ன?... சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்... சரி... சரி. கொண்டாறேன்... சரி, வந்து படிக்கறேன். பேசாதே, இளைக்குது பாரு. வை.

என்ன சொல்றா தெரியுமா? "நீங்க சொல்ல வேண்டாம், அவரு எழுதினதைக் கொண்டாந்து படிங்க"ங்கறா. "உங்க பேச்சும் எனக்குத் தெரியும், அவரு எழுத்தும் எனக்குத் தெரியும்"ங்கறா. அதுவரைக்கும் இருப்பேன்னு சொல்றா.

எனக்குப் பயமா இருக்கு தம்பி. ஊரையே நடுங்க வச்சவன் நான், அவ முன்னாடி வெறுங்கையோட போய் உக்காரப் பயமா இருக்கு. வீட்டுல, போன்ல ஆயிரக்கணக்கா புத்தகம் வச்சிருக்கேன். அதுல நல்ல கதையெல்லாம் அவளுக்குப் படிச்சாச்சு. கேட்டதுமே இது இன்ன புத்தகம்னு சொல்லிடுவா. அவ கேக்காததா ஒண்ணு வேணும். புதுசா.

என்ன தம்பி, புத்தகத்தைப் பைக்குள்ள வைக்கறீங்க? எடுங்க, சும்மா பார்த்துட்டுத் தர்றேன். இன்னும் குரூப்புல வரலையே இது. இப்பத்தான் வந்ததா? அதுல யாராவது யாரையாவது தேடிப் போற மாதிரி வருதா? அம்மா, புள்ளை? இல்லையா... அக்கா, தம்பியா? அது போதும். கடைசியில சேர்ந்துடறாங்கல்ல? இன்னும் அதுவரைக்கும் படிக்கலையா? பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன். பேரை மட்டும் மாத்தி மாரிக்கனின்னு படிச்சுடுவேன். அவளுக்குத் தெரிஞ்சுடும். தெரியட்டுமே, கேட்டுக்கிட்டிருக்கற வரைக்கும் கேக்கட்டும்.

விருதுநகர் வருது. இனி ரோடு நல்லா இருக்கும், போட்டோ ஆடாம விழும். நீங்க இப்படிப் பக்கத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டாப் போதும். குடுங்க தம்பி. கிழிக்க மாட்டேன், மடிக்க மாட்டேன். எடுத்துட்டு உங்க கையிலயே குடுத்துடறேன். உங்களுக்கு ஒரு எழுத்து குறையாது.